சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி!

ஊட்டி, கொடைக்கானல்னு சம்மருக்கு டூர் கிளம்பும் புண்ணியவான்களே... கொஞ்சம் தள்ளி நில்லுங்க. இது உங்களுக்கான ஸ்பாட் இல்லை. கடைசி செமஸ்டரை முடிச்சு, ஃபேர்வெல்ல கட்டிப்பிடிச்சு அழுது, சட்டையில எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கி, மறுநாள் காலையில 'அடுத்து என்ன?'ன்னு விட்டத்தைப் பார்த்து முழிச்ச ஜீவன்களுக்கான சம்மர் ஸ்பாட் ஒண்ணு சென்னையில இருக்கு. பெயர் திருவல்லிக்கேணி. நுழைவுக் கட்டணம், ஒரு பட்டம். அரியர் இருந்தாலும் அனுமதி உண்டு!

நான் பி.இ. மெக்கானிக்கல். புதுக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். கேம்பஸ் இன்டர்வியூவில் எங்கள் டிபார்ட்மென்ட்டுக்கு வந்த கம்பெனிகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். மிச்சமிருக்கும் விரலால் காது குடையலாம். அதில் ஒரு கம்பெனி என்னை குரூப் டிஸ்கஷன் வரைக்கும் கூப்பிட்டு, அதோடு மறந்துவிட்டது.

ஏப்ரல் கடைசியில் அப்பா இரண்டு கிடாக்களைப் பிடித்துச் சந்தைக்குக் கொண்டுபோனார். திரும்பி வந்து பதினாலாயிரம் ரூபாயை என் கையில் வைத்தார். "மெட்ராஸுக்குப் போய்ப் பாருப்பா. இங்க இருந்து என்ன செய்யப் போற?" அவ்வளவுதான் பேச்சு. அந்த இரண்டு கிடாவில் ஒன்றுக்கு நான்தான் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இரண்டு பேருமே அதைப் பற்றிப் பேசவில்லை.

ரூம் நம்பர் 31

திருவல்லிக்கேணி ஹைரோட்டில் இறங்கி, எந்தச் சந்துக்குள் திரும்பினாலும் 'மேன்ஷன்' என்று ஒரு போர்டு தலைகாட்டும். நீளமான வராந்தா, இரண்டு பக்கமும் வரிசையாக அறைகள், ஒவ்வொரு அறை வாசலிலும் கொடியில் காயும் ஜட்டி பனியன்கள். இதுதான் மேன்ஷன் ஆர்கிடெக்சர். பல வருஷமாக வேலை தேடி சென்னைக்கு வரும் பேச்சிலர்களை இந்தக் கட்டடங்கள்தான் தாங்கிப் பிடிக்கின்றன. இப்போது ஐ.டி. பசங்க எல்லாம் ஓ.எம்.ஆர். பக்கம் ஏ.சி. ஹாஸ்டல்களுக்குப் போய்விட்டாலும், பாக்கெட் மெலிந்தவர்களுக்கு இன்னமும் இதுதான் தாய்வீடு.

எங்கள் ரூமில் மூணு கட்டில், ஒரு ஃபேன், ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து மேன்ஷன் ஜன்னல். அங்கேயும் ஒருத்தன் ரெஸ்யூமே திருத்திக்கொண்டிருப்பான். ஒரு பெட்டுக்கு மாசம் மூவாயிரத்து ஐநூறு. தண்ணி காலையில் ஆறிலிருந்து ஏழரை வரைக்கும். ஏழு முப்பத்தொண்ணுக்கு சோப்பு போட்டவன் பாடு திண்டாட்டம்!

ரூம்மேட் நம்பர் ஒன், ராமநாதபுரத்து அண்ணன். எம்.ஏ. முடித்துவிட்டு நாலு வருஷமாக டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிறார். இந்திய அரசியலமைப்பில் எந்த ஷரத்தைக் கேட்டாலும் தூக்கத்தில் சொல்வார். நம்பர் டூ, தேனிக்காரன். பி.காம். பகலில் வேலை தேடல், ராத்திரி பைக்கில் உணவு டெலிவரி. "ஊருக்கே சோறு போட்டுட்டு வந்து பார்த்தா எனக்கு மெஸ்ஸை மூடிட்டான் மச்சி" என்பது அவனுடைய தினசரி டயலாக்.

எங்கள் ரூமின் பொதுச்சொத்து ஒரு ஜோடி கறுப்பு லெதர் ஷூ. சைஸ் எட்டு. எனக்கும் அண்ணனுக்கும் முன்னால் அங்கே தங்கியிருந்த யாரோ ஒருவர், வேலை கிடைத்து பெங்களூரு போகும்போது விட்டுப்போனது. இன்டர்வியூ யாருக்கோ அவர் காலில் ஷூ. எனக்கு சைஸ் ஏழு. முன்னால் கொஞ்சம் பஞ்சு வைத்தால் பக்கா ஃபிட்!

வாக்-இன் என்றால் நிற்பது!

வேலை தேடுவதும் ஒரு வேலைதான். லீவு மட்டும் கிடையாது. காலையில் எழுந்ததும் போனில் நாலு ஆப், ரெண்டு வாட்ஸ்அப் குரூப். 'ஃப்ரெஷர்ஸ் வாக்-இன், கிண்டி, காலை 9 மணி' என்று மெசேஜ் வரும். அதே மெசேஜ் இன்னும் ஆயிரம் பேருக்கும் போயிருக்கும் என்கிற உண்மை, கேட் வாசலுக்குப் போனதும்தான் புரியும்.

கிண்டி தொழிற்பேட்டை 1958-ல் ஆரம்பித்தது. சின்னச் சின்ன லேத் பட்டறைகள் இருந்த இடங்களில் இப்போது கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்திருக்கின்றன. நான் போன முதல் வாக்-இன்னில் எட்டே முக்காலுக்கே வரிசை அடுத்த கட்டடத்தைத் தாண்டிவிட்டது. கத்திரி வெயில்! மே 4-ல் தொடங்கி 28 வரைக்கும் பஞ்சாங்கமே 'வெளியே போகாதே' என்று சொல்கிற நாட்களில், வெள்ளைச் சட்டையை இன் பண்ணி, ஃபைலைத் தலைக்குக் குடையாக்கி நிற்கிறோம். முன்னால் நின்ற திருநெல்வேலிப் பெண் பையிலிருந்து மோர் பாட்டிலை எடுத்து, குடித்த மிச்சத்தைப் பின்னால் நீட்டினார். "குடிங்கண்ணே. உள்ள போறதுக்குள்ள மயங்கி விழுந்துட்டா ரெஸ்யூமேவை யாரு குடுப்பா?" வரிசை மொத்தமும் சிரித்தது.

பதினொன்றரைக்கு ஒருவர் வந்து ரெஸ்யூமேக்களைக் கத்தையாக வாங்கிக்கொண்டு, "மெயில் வரும்" என்றார். அந்த மெயில் வரவே இல்லை. 'நாங்கள் உங்களைத் தொடர்பு கொள்வோம்' என்பதற்குத் தமிழில் 'போய் வாங்க தம்பி' என்று அர்த்தம். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூணு வாரம் ஆச்சு.

ஏ.சி. தேடும் படலம்

மத்தியானம் ரூமில் இருக்க முடியாது. ஃபேன் அனலை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அதனால் மேன்ஷன் வாசிகள் கண்டுபிடித்த இலவசக் குளிர்வாசஸ்தலங்கள் சில...

ஏ.டி.எம். அறை, அதிகபட்சம் மூணு நிமிஷம். அதற்கு மேல் நின்றால் வாட்ச்மேன் சந்தேகமாகப் பார்ப்பார். ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மால், 2010-ல் திறந்தது. விலைப்பட்டியலைத் திருப்பிப் பார்த்து 'கலர் நல்லால்ல' என்று நகர்வதில் நாங்கள் டாக்டரேட். ஆனால் வயிறு காய ஆரம்பித்தால் மால் ஆபத்தான இடம். ஃபுட் கோர்ட் வாசனையே பர்ஸைக் காலி பண்ணிவிடும்.

எல்லாவற்றிலும் டாப், கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010 செப்டம்பர் 15-ல் திறந்த மாளிகை. திருவல்லிக்கேணி ஸ்டேஷனில் பறக்கும் ரயிலைப் பிடித்தால் கலங்கரை விளக்கம், மயிலாப்பூர், மந்தைவெளி என்று வீடுகளின் மொட்டை மாடிகளை எட்டிப் பார்த்தபடி கோட்டூர்புரத்தில் இறங்கலாம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் போட்டித் தேர்வுக்காரர்கள். யாரும் யாரிடமும் பேசமாட்டார்கள். ஆனால் நாலு நாள் ஒரே மேஜையில் உட்கார்ந்தால், ஐந்தாம் நாள் நீங்கள் வராதபோது, "ஏன் நேத்து வரலை?" என்று கேட்பார்கள். இந்த ஊரில் என்னை முதன்முதலில் தேடியது கம்பெனி இல்லை, அந்த மேஜைதான்!

மூவாயிரம் ரூபாய் பல்பு

மே மூணாவது வாரம். கையில் ஐயாயிரத்து சொச்சம். அப்போதுதான் அந்த போன். குரல் தேன். "சார், உங்க ப்ரொஃபைல் ஷார்ட்லிஸ்ட் ஆகியிருக்கு." என்னை 'சார்' என்று கூப்பிட்ட முதல் ஆள்! ஒரு மாடியில் சின்ன ஆபீஸ். மேஜையில் லேப்டாப், சுவரில் பெரிய பெரிய கம்பெனிகளின் லோகோக்கள். ஒரு ஃபார்ம் கொடுத்தார்கள். பத்து நிமிஷம் ஒருவர் கேள்வி கேட்டார். 'செலக்டட்' என்று கைகுலுக்கினார். "டாக்குமென்ட் வெரிஃபிகேஷன், ட்ரெய்னிங் கிட்டுக்கு மூவாயிரம். முதல் சம்பளத்துல திருப்பிக் குடுத்துடுவாங்க."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். முட்டாள்தனம் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் நாற்பது இடத்தில் 'பார்க்கலாம்' என்று கேட்டவனிடம் ஒருவர் 'செலக்டட்' என்றால், அந்த வார்த்தையை விலை கொடுத்தாவது வாங்கத் தோன்றும். அதைத்தான் அவர்கள் விற்கிறார்கள்.

திங்கள்கிழமை சேரச் சொன்ன முகவரிக்கு, பஞ்சு வைத்த ஷூவோடு போனேன். அப்படி ஒரு ஆள் எடுப்பே நடக்கவில்லை என்றார் செக்யூரிட்டி. போன் ஸ்விட்ச்டு ஆஃப். மாடி ஆபீஸில் பூட்டு. எனக்கு முன்னால் அதே பூட்டைப் பார்த்துக்கொண்டு இன்னும் ரெண்டு பேர் நின்றிருந்தார்கள். அதில் ஒருவர் கையில் ஸ்வீட் பாக்ஸ். பூட்டை விட, அந்த ஸ்வீட் பாக்ஸைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

ராமநாதபுரத்து அண்ணன் திட்டவில்லை. "வேலை குடுக்கறவன் காசு குடுப்பான்டா, காசு கேட்க மாட்டான். இதை மட்டும் மனசுல எழுதிக்க" என்றவர், ஆன்லைன் மோசடி உதவி எண் 1930-க்கு போன் போட வைத்தார். யு.பி.ஐ.யில் அனுப்பிய விவரத்தைக் கொடுத்துப் புகார் பதிவு செய்தோம். இந்த மாதிரி ஏமாந்தால் வெட்கப்பட்டு ரூமில் முடங்காதீர்கள் மக்களே. எவ்வளவு சீக்கிரம் அந்த எண்ணுக்குச் சொல்கிறோமோ, பணத்தை மடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். நான் ரெண்டு நாள் கழித்துச் சொன்னேன். பணம் வரவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. தினமும் ராத்திரி எட்டரைக்கு போன் வரும். "சாப்டியா தம்பி?" "சாப்டேன்ப்பா." "வெயில்ல அலையாத." வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை!

ஏழாம் நம்பர் சம்மர் ஹவுஸ்

மறுபடியும் நூலகம். படிக்க மனசு ஓடவில்லை. மேல் மாடிகளில் சும்மா சுற்றியபோது கையில் சிக்கியது, கணிதமேதை ராமானுஜனைப் பற்றி ராபர்ட் கனிகல் 1991-ல் எழுதிய தடிமனான புத்தகம். படம்கூட வந்ததே, அதேதான். ராமானுஜன் என்றால் கேம்பிரிட்ஜ், எஃப்.ஆர்.எஸ்., 1729 என்றுதான் நமக்குத் தெரியும். நான் பிரித்த பக்கங்களில் இருந்தவர் வேறு ஆள். வேலை தேடி அலைந்த ஆள்!

கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் கும்பகோணம் கல்லூரியில் ஸ்காலர்ஷிப் போனது. சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தும் எஃப்.ஏ. தேறவில்லை. நம்ம பாஷையில் சொன்னால், அரியர் கிளியர் ஆகாத கேஸ். நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு திருக்கோவிலூர் போய் ராமசுவாமி ஐயரைப் பார்த்தார். நெல்லூர் கலெக்டராக இருந்த ராமச்சந்திர ராவைப் பார்த்தார். ராவ் மாதம் 25 ரூபாய் கொடுத்துக் கொஞ்ச காலம் தாங்கினார். பிறகு அக்கவுன்டன்ட் ஜெனரல் ஆபீஸில் 20 ரூபாய் சம்பளத்தில் சில வாரத் தற்காலிக வேலை.

1912 பிப்ரவரி 9-ம் தேதி சென்னைத் துறைமுகத்துக்கு ஒரு வேலை விண்ணப்பம் எழுதுகிறார். மெட்ரிகுலேஷன் பாஸ், எஃப்.ஏ. வரை படித்தேன், சில சூழ்நிலைகளால் தொடர முடியவில்லை என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லியிருக்கிறார். கூடவே மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் கொடுத்த சிபாரிசுக் கடிதம். கிடைத்தது கிளார்க் வேலை. மார்ச் 1-ல் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய். அங்கேயிருந்துதான் அடுத்த வருஷம் ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போகிறது. இங்கிலாந்தில் வேறு பேராசிரியர்கள் கைகொடுக்காத பிறகு எழுதிய கடிதம் அது. 'மெயில் வரும்' கேஸ் அப்போதும் இருந்திருக்கிறது!

இதெல்லாம் சரி. என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த வேலை விண்ணப்பத்தின் மேல் மூலையில் இருந்த முகவரி... நம்பர் 7, சம்மர் ஹவுஸ், திருவல்லிக்கேணி.

அடப்பாவி, நம்ம ஏரியா!

அன்று சாயங்காலமே பார்த்தசாரதி கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் தேடினேன். பூக்கடை, பட்டர் வீடு, பஞ்சாங்கம் விற்கும் தாத்தா என்று விசாரித்தேன். பாரதியார் இல்லத்துக்கு எல்லோரும் வழி சொன்னார்கள். சம்மர் ஹவுஸ் யாருக்கும் தெரியவில்லை. தாத்தா மட்டும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரைத் தேடற?" என்றார். "ராமானுஜன்னு ஒருத்தர்." "இங்க தெருவுக்கு நாலு ராமானுஜம் இருக்கான். என்ன வேலை பாக்கறார்?" நான் சிரித்துவிட்டேன். "வேலை தேடிட்டு இருந்தார் தாத்தா. கிடைச்சிடுச்சு."

தப்பாக நினைக்காதீர்கள். நான் ராமானுஜன் இல்லை. எனக்கு இன்டெக்ரேஷனே ததிங்கிணத்தோம். ஆனால் 'எஃப்.ஏ. முடிக்கவில்லை' என்பதை அவர் எழுத்தில் மறைக்கவில்லை. நான் போனில் மூவாயிரத்தை மறைத்துக்கொண்டிருக்கிறேன். அது உறுத்தியது.

சேப்பாக்கம் சத்தம்

எங்கள் மொட்டை மாடியில் ராத்திரி பாய் விரித்துப் படுத்தால் சேப்பாக்கம் ஸ்டேடியத்தின் ஃப்ளட்லைட் தெரியும். ஐ.பி.எல். நடக்கும் நாட்களில் டிக்கெட் எல்லாம் நம் ரேஞ்ச் இல்லை. தேனிக்காரன் போனில் லைவ் ஓடும். அதில் ஒரு கூத்து என்னவென்றால், போனில் பவுலர் ஓடிவந்துகொண்டே இருப்பார், அதற்குள் ஸ்டேடியத்திலிருந்து 'ஓ'ன்னு சத்தம் வந்துவிடும். நெட் அவ்வளவு லேட். சிக்ஸரா, விக்கெட்டா? சத்தத்தை வைத்துப் பந்தயம் கட்டுவோம்.

சீசன் முடிந்து அந்த விளக்குகள் அணைந்துபோன ஒரு ராத்திரி. எட்டரை மணி போன். "சாப்டியா தம்பி?"

"அப்பா, ஒரு விஷயம்..." என்று ஆரம்பித்து மூவாயிரத்தையும் சொல்லிவிட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஆடு கத்துவது மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். "நானும் ஒருக்கா மணப்பாறைச் சந்தையில பல்லைப் பாக்காம மாடு வாங்கி ஏமாந்திருக்கேன். உங்கம்மாவுக்கு இன்னிவரைக்கும் தெரியாது. விடு. குட்டி ஒண்ணு நோவுல போச்சுன்னு நெனச்சுக்கறேன். கையில காசு இருக்கா?"

"இருக்குப்பா."

"பொய் சொல்லாத. நாளைக்குப் போட்டு விடுறேன். நீ சாப்டியா, அதைச் சொல்லு."

அன்று நிஜமாகவே சாப்பிட்டிருக்கவில்லை. தேனிக்காரனைக் கூட்டிக்கொண்டு ரத்னா கஃபே போனேன். 1948-லிருந்து சாம்பாரில் இட்லியை நீச்சலடிக்க விடும் கடை. வாளியோடு வந்து ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். இட்லி கரைந்து காணாமல் போனது. கூடவே ஏதோ ஒன்று நெஞ்சிலிருந்தும்.

பஞ்சு எடுத்த ஷூ

அதற்குப் பிறகு ஆள் பிடிப்பதை விட்டுவிட்டு, அண்ணன் சொன்ன வழியில் போனேன். மத்திய அரசின் 'நாட்ஸ்' தளத்தில் பதிவு செய்தேன். தென்மாநிலங்களுக்கான தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் தரமணியில்தான் இருக்கிறது. 1961-ம் வருஷச் சட்டப்படி கம்பெனிகளில் ஒரு வருஷம் அப்ரன்டிஸ் பயிற்சி. 2019-ல் செய்த திருத்தத்தில் பட்டதாரிகளுக்குக் குறைந்தபட்ச உதவித்தொகையை 9,000 ரூபாய் ஆக்கினார்கள். பதிவு செய்யக் காசு கிடையாது. முடித்தால் சான்றிதழ். பயிற்சி முடிந்ததும் அதே கம்பெனியில் வேலை நிச்சயமா என்றால், இல்லை. ஆனால் 'எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?' என்று கேட்பவன் வாயை அடைக்க ஒரு வருஷம் கையில் இருக்கும்.

ஜூன் பத்து தேதிக்கு மேல் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வண்டி உதிரிபாக யூனிட்டில் கூப்பிட்டார்கள். சென்ட்ரல் போய், அங்கிருந்து லோக்கல் ரயிலில் பட்டரவாக்கம். இன்டர்வியூ எடுத்தவர் கையெல்லாம் கிரீஸ். கேள்வி பத்து நிமிஷம்தான். வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு" என்றார். முதல் தடவை தப்பாகச் சொன்னேன். "சார், இன்னொரு வாட்டி பாக்கறேன்" என்றேன். சரியாகச் சொன்னேன். "தெரியலைன்னா திரும்ப அளக்கணும். அது போதும். திங்கக்கிழமை வா." மாசம் பன்னிரண்டாயிரத்து ஐநூறு. அவர் என்னிடம் காசு எதுவும் கேட்கவில்லை!

கனவு கம்பெனி இல்லைதான். வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தால் பெரிதாக லைக் விழாது. பரவாயில்லை. அப்பாவுக்கு போன் போட்டேன். ராத்திரி எட்டரை வரைக்கும் காத்திருக்கவில்லை. சொன்னதும், "சரி, சரி" என்றவர், "அங்க சாப்பாடு எப்படி?" என்றார். அவரை மாற்ற முடியாது.

பட்டரவாக்கம் பக்கமே ரூம் பார்த்தாயிற்று. கிளம்புகிற அன்று, என் கட்டிலுக்கு விருதுநகரிலிருந்து ஒரு தம்பி வந்து இறங்கினான். தோளில் பை, கையில் ஃபைல், நெற்றியில் அம்மா வைத்த திருநீறு. தண்ணி எத்தனை மணி வரைக்கும் வரும், எந்த மெஸ்ஸில் எக்ஸ்ட்ரா குழம்பு கிடைக்கும், நூலகத்தில் எந்த மேஜைக்கு நல்லா ஏ.சி. அடிக்கும் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். 'வேலை குடுக்கறவன் காசு குடுப்பான், கேட்க மாட்டான்' என்பதை ரெண்டு தடவை சொன்னேன்.

கடைசியாக, கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை எடுத்துத் துடைத்து, உள்ளே இருந்த பஞ்சை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

"உன் சைஸ் என்னப்பா?"

"ஒன்பதுண்ணே."

"கொஞ்சம் கடிக்கும். பழகிடும்!"